முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் எருசலேம் பயணம்: பத்து நாளா, எட்டு நாளா?

அருள்மகன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 71 வயது. எருசலேமை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பா இருந்த காலத்திலிருந்தே அவர்களுடைய ஆசை. இருவரும் சேர்ந்து போவதாகத்தான் இருந்தது. அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எங்கள் சபையிலிருந்து 38 பேர் கொண்ட குழு கிளம்புகிறது. அம்மாவோடு நானும் போகிறேன்.

போதகர் ஐயா இரண்டு திட்டங்களைக் காட்டியிருக்கிறார். எதில் சேர்கிறோம் என்று அடுத்த ஞாயிறு ஆராதனைக்குள் சொல்ல வேண்டும்.

முதல் திட்டம் பத்து நாள். கெய்ரோவில் இறங்கி, மோசே பத்துக் கட்டளைகளைப் பெற்ற சீனாய் மலை, இஸ்ரேலுக்குள் நுழையும் தாபா எல்லை, சவக்கடல், பெத்லகேம், எருசலேம், கலிலேயா, அங்கிருந்து ஜோர்டானுக்குள் போய், மோசே வாக்குத்தத்த தேசத்தைப் பார்த்த நேபோ மலை, அம்மானில் விமானம். இரண்டாவது எட்டு நாள். இஸ்ரேலும் பெத்லகேமும் மட்டும். கலிலேயாவில் மூன்று இரவு, எருசலேமில் நான்கு இரவு.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். சமதளத்தில் கைத்தடியோடு அரை மணி நேரம் நடப்பார்கள். கைப்பிடி இருந்தால் படி ஏறிவிடுவார்கள். இறங்குவதுதான் கஷ்டம். சக்கர நாற்காலி என்று சொன்னாலே முகம் வாடிவிடுகிறது, அதனால் அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை. அவர்கள் விருப்பம் பத்து நாள் திட்டம்தான். "மோசே நின்று பார்த்த இடத்தையும் பார்த்துவிடலாமே, இன்னொரு தடவையா போகப் போகிறோம்" என்கிறார்கள். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பயமாகவும் இருக்கிறது.

வயதானவர்களைக் கூட்டிப் போனவர்கள் யாராவது இருந்தால், எந்த இடத்தில் எவ்வளவு நடை, எவ்வளவு படி, எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

மார்த்தாள்வீடு பதில்:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2018இல் என் அம்மாவை நான் கூட்டிப் போனேன். அப்போது அவர்களுக்கு 73. அதே முழங்கால் வலி. நாங்கள் போனதும் எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான் மூன்றும் சேர்ந்த பயணம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எட்டு நாள் திட்டத்தில் சேருங்கள்.

சீனாயிலிருந்து ஆரம்பிக்கிறேன். கெய்ரோவிலிருந்து மலையடிவாரம் போய்ச் சேர பேருந்தில் ஏழெட்டு மணி நேரம். இரவு சாப்பிட்டுப் படுத்த கொஞ்ச நேரத்தில், ஒரு மணிக்கெல்லாம் எழுப்பிவிடுவார்கள். சூரிய உதயத்துக்குள் உச்சிக்குப் போக வேண்டுமே. மலையின் உயரம் 2285 மீட்டர். முக்கால்வாசித் தூரம் ஒட்டகத்தில் போகலாம். கடைசி 750 கல் படிகளை எல்லோரும் காலால்தான் ஏற வேண்டும். ஏறியதெல்லாம் திரும்ப இறங்கவும் வேண்டும். என் அம்மாவால் முடியாது என்று முன்பே தெரியும். "நீ போய்ட்டு வா, எனக்கும் சேர்த்து ஜெபம் பண்ணு" என்று என்னை அனுப்பிவிட்டு அறையில் தனியாக இருந்தார்கள். நான் இறங்கி வந்தபோது, படுக்கையில் உட்கார்ந்து, தேவன் சீனாய் மலையில் இறங்கியதைச் சொல்லும் யாத்திராகமம் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். இரவெல்லாம் தூங்கவில்லை. உச்சியில் நான் பார்த்த சூரிய உதயம் அவ்வளவு அழகு. அதை அம்மாவிடம் விவரித்துச் சொல்ல எனக்கு மனது வரவில்லை.

தூக்கம் இல்லாத அந்த உடம்போடு அன்றைக்கே தாபா எல்லை. பெட்டியை நாமே இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். எகிப்துப் பக்கம் ஒரு வரிசை, இஸ்ரேல் பக்கம் ஒரு வரிசை, பெட்டி சோதனை, கேள்விகள். குழுவில் ஒருவரை நிறுத்தி விசாரித்தால் மொத்தக் குழுவும் காத்திருக்கும். எங்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அன்று மாலை கால் வீங்கிப்போய், மறுநாள் சவக்கடலில் பேருந்தை விட்டு இறங்கவே இல்லை.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத மனக்குறை பெத்லகேம்தான். எங்களை அழைத்துப் போன ஏற்பாட்டாளர்கள் அங்கே ஒதுக்கியிருந்தது முக்கால் மணி நேரம். இயேசு பிறந்த குகைக்கு இறங்கும் வரிசையே அன்று ஒன்றரை மணி நேரத்துக்கு நீண்டு நின்றது. ஆலயத்தின் நுழைவாசல் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம்தான், குனிந்துதான் போக முடியும். தாழ்மையின் வாசல் என்று அதற்குப் பெயர். அம்மா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போனார்கள். பெரிய தூண்களைப் பார்த்தார்கள், பழைய தரையின் மொசைக்கைப் பார்த்தார்கள். அதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டுவிட்டார்கள். பதினான்கு முனையுள்ள வெள்ளி நட்சத்திரம் பதித்த அந்த இடத்தை எங்கள் குழுவில் பாதிப் பேர் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு ஒலிவமரச் சிற்பக் கடையில் மட்டும் எங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. அவ்வளவு தூரம் போய் அந்த வாசலில் குனிந்த ஒரு வயதான தாயை, குகைக்குப் போகாமல் திருப்பி அனுப்பியதை நான் மன்னித்துவிட்டேன், ஆனால் மறக்க முடியவில்லை. அதனால் பயணத் திட்டத்தில் பெத்லகேமுக்கு எத்தனை மணி நேரம் என்று போதகர் ஐயாவை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். காலையில் முதல் வேலையாகப் போனால் வரிசை குறையும்.

இப்போது நல்லதைச் சொல்கிறேன். கலிலேயா உங்கள் அம்மாவுக்காகவே அமைந்த மாதிரி இருக்கும். கப்பர்நகூம் சமதளம். கறுப்புக் கல் அடித்தளத்தின் மேல் வெள்ளைக் கல்லில் நிற்கும் யூதர்களின் ஜெப ஆலயம், அதற்கு எதிரிலேயே பேதுருவின் வீடு என்று சொல்லப்படும் இடம். எல்லாம் ஒரு சின்ன வளாகத்துக்குள். மலைப் பிரசங்க ஆலயத்துக்குப் பேருந்து பக்கத்திலேயே போய்விடும், சுற்றித் தோட்டமும் நிழலும் உண்டு. கினோசரில் 1986இல் வறட்சியில் கலிலேயா ஏரி வற்றியபோது சேற்றிலிருந்து எடுத்த பழைய படகை வைத்திருக்கிறார்கள். எட்டு மீட்டர் நீளம் இருக்கும், இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டியது. என் அம்மா அதன் முன்னால் நின்று, "இவ்வளவு சின்னதா? இதிலா அவர் தூங்கினார்?" என்று கேட்டார்கள். படகில் இயேசு தூங்கும்போது புயல் எழும்பிய அந்த வசனம் அன்றுதான் எனக்குப் பயமாகப் பட்டது.

தப்காவில் ஏரிக்கரையிலேயே ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது. உயிர்த்தெழுந்தபின் இயேசு கரையில் கரிநெருப்பு மூட்டி, சீஷர்களுக்கு மீனும் அப்பமும் கொடுத்த இடம். எங்கள் பேருந்தில் ஏதோ கோளாறு. அதனால் திட்டத்தில் இருபது நிமிடம் என்று இருந்த இடத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். போதகர் யோவான் 21ஆம் அதிகாரத்தை மெதுவாக முழுவதும் வாசித்தார். அம்மா ஒரு கறுப்புக் கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் தண்ணீரில் விட்டுக்கொண்டார்கள். பேச்சே இல்லை. பத்து நாளில் அம்மா வலி என்று சொல்லாத ஒரே காலைப்பொழுது அது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

எருசலேமில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒலிவ மலையில் பேருந்து மேலே இறக்கிவிடும், அங்கிருந்து கெத்செமனே தோட்டம் வரை குருத்தோலை ஞாயிறுப் பாதையில் நடக்கச் சொல்வார்கள். தூரம் கொஞ்சம்தான், ஆனால் செங்குத்தான இறக்கம், வழுவழுப்பான தரை. உங்கள் அம்மா அதில் இறங்கவே வேண்டாம். மேலே நகரத்தைப் பார்த்துவிட்டு, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தின் பெயரில் இருக்கும் ஆலயத்தில் தமிழில் பதித்திருக்கும் அந்த ஜெபத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு (நூறு மொழிகளுக்கு மேல் சுவரெங்கும் இருக்கிறது, தேட நேரம் வைத்துக்கொள்ளுங்கள்), நீங்கள் இருவரும் வாடகைக் காரில் கெத்செமனேக்கு இறங்கிவிடுங்கள். கைடிடம் முன்பே சொன்னால் ஏற்பாடு செய்வார்.

எருசலேமின் பழைய நீர்ச் சுரங்கமான எசேக்கியாவின் சுரங்கம் வேண்டவே வேண்டாம். 533 மீட்டர் இருட்டில், தண்ணீருக்குள், ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். பாதியில் திரும்ப முடியாது. கலிலேயாப் பக்கம் இருக்கும் தாபோர் மலைக்குப் பயப்பட வேண்டாம். பெரிய பேருந்து ஏறாது, அடிவாரத்திலிருந்து சின்ன வண்டிகளில் மேலே விடுவார்கள்.

எருசலேமில் பெதஸ்தா குளத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். குளத்தின் இடிபாடுகளுக்குள் இறங்கத் தேவையில்லை, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டே எல்லாம் பார்க்கலாம். பக்கத்தில் பரிசுத்த அன்னாள் ஆலயம், சிலுவைப் போர் காலத்தில் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளே பெஞ்சுகள் உண்டு. ஒருவர் பாடினால் கல் சுவரெல்லாம் சேர்ந்து பாடுவதுபோல ஒலி நின்று கேட்கும். ஒவ்வொரு குழுவும் தன் மொழியில் ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போகும். நாங்கள் ஒரு பழைய கீர்த்தனை பாடினோம். பாடி முடித்தபின்னும் கடைசி அடி மேலே நின்றுகொண்டிருந்தது. வெளியே குளத்தருகே, 38 வருடம் நோயாய்க் கிடந்து இயேசுவால் குணமான மனுஷனைப் பற்றி வாசித்தபோது, அம்மா என் கையைப் பிடித்து, "அவனுக்குத் தூக்கிவிட ஆள் இல்லை, எனக்கு நீ இருக்கிறாய்" என்றார்கள். தம்பி, நீங்கள் கூடப் போவதுதான் உங்கள் அம்மாவுக்கு முக்கியம். எத்தனை இடம் என்பதை அவர்கள் எண்ண மாட்டார்கள்.

இன்னொன்று. அச்சடித்த திட்டத்தில் "பார்வையிடுதல்" என்று போட்டிருப்பதில் பாதி, பேருந்து ஜன்னல் வழியாகக் கைடு கைகாட்டுவதுதான். எங்கெல்லாம் இறங்குகிறோம், எங்கெல்லாம் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறோம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

ஒலிவக்கிளை பதில்:

ஐயா, நான் ஓய்வு பெற்ற உபதேசியார். நான்கு முறை குழுக்களோடு போயிருக்கிறேன். சகோதரி எழுதியது அத்தனையும் உண்மை. ஒன்றில் மட்டும் எனக்கு வேறு எண்ணம் உண்டு. மோசே நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற தாயாரின் ஆசையை அப்படியே விட்டுவிட வேண்டாம்.

கஷ்டம் எகிப்தில்தான் இருக்கிறது, ஜோர்டானில் இல்லை. அம்மானில் இறங்கினால், மதபா என்ற ஊரும் நேபோ மலையும் ஒரே பகலில் முடியும். மதபாவில் புனித ஜார்ஜ் ஆலயத் தரையில் 6ஆம் நூற்றாண்டு வரைபடம் இருக்கிறது. எருசலேமின் வாசலும் தூண்கள் நிற்கும் தெருவும் சின்னச் சின்னக் கற்களில் தெரியும். நேபோவில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து உச்சிக்குச் சரிவான நல்ல நடைபாதை. அங்கங்கே உட்கார்ந்து போகலாம். உச்சியில் வெண்கல சர்ப்பத்தின் பெரிய சின்னம். வானம் தெளிவாக இருந்தால் சவக்கடலும் எரிகோவும் தெரியும். உபாகமம் 34ஆம் அதிகாரத்தை நான்கு முறையும் அங்கே வாசித்திருக்கிறேன், நான்கு முறையும் எனக்குத் தொண்டை அடைத்தது. 120 வயதில் மோசே வாக்குத்தத்த தேசத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

அதன்பின் வடக்கே ஷேக் உசேன் பாலம் வழியாக நேராகக் கலிலேயாவுக்குப் போகலாம். எல்லை கடப்பது ஒரே ஒரு தடவை. எட்டு நாள் திட்டத்தோடு இரண்டு நாள் சேர்த்தால் போதும். உங்கள் போதகரிடம் கேட்டுப் பாருங்கள், குழுவில் இன்னும் சில பெரியவர்கள் இதை விரும்பக்கூடும்.

எருசலேமில் இயேசுவின் கல்லறை இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் எழுப்பிய பெரிய ஆலயமான கல்லறைத் திருத்தலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். நம் சபையார் பலர் அங்கே போய் மனம் சங்கடப்பட்டுத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டிக், எத்தியோப்பியர், சிரியர் என்று ஆறு சபைகளுக்கு அங்கே உரிமை உண்டு. வாசல் சாவி தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பத்தாரிடம் இருக்கிறது. தூபம், விளக்கு, கூட்டம். அதைப் பார்த்துவிட்டு, தமஸ்கு வாசலுக்கு வெளியே, இயேசுவின் கல்லறை என்று சிலர் சொல்லும் தோட்டக் கல்லறைக்கு வந்தால் அமைதியாக இருக்கும், திருவிருந்தும் எடுக்கலாம், உட்கார இடம் உண்டு, உங்கள் தாயாருக்குச் சௌகரியம். அதற்காக, இதுதான் உண்மையான இடம் அது பொய் என்று குழுவில் பேசவிடாதீர்கள். தோட்டத்தில் இருக்கும் கல்லறை இயேசுவின் காலத்துக்கும் பல நூறு ஆண்டு பழையது என்று தொல்லியல் அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். கான்ஸ்டன்டைன் காலத்திலிருந்து, 4ஆம் நூற்றாண்டு முதல், கிறிஸ்தவர்கள் முழங்கால் படியிட்டுவந்தது அந்தப் பெரிய ஆலயத்தில்தான். இரண்டுக்கும் போங்கள். பெரிய ஆலயத்துக்கு விடியும் முன்பே போங்கள். அப்போது கூட்டம் இருக்காது. இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடமான கொல்கொதாவுக்கு ஏறும் படிகள் வாசலை ஒட்டியே வலப்பக்கம், உயரமான செங்குத்துப் படிகள். உங்கள் தாயாரால் முடியாவிட்டால் கீழேயே, இயேசுவின் உடலுக்குத் தைலம் பூசியதாகச் சொல்லப்படும் அபிஷேகக் கல்லின் அருகில் நின்று ஜெபிக்கலாம்.

கெத்செமனேயில் எட்டு பழைய ஒலிவ மரங்கள் இருக்கின்றன. இயேசு பார்த்த மரங்கள் என்று சில கைடுகள் சொல்வார்கள். 2012இல் வெளியான ஆய்வில் மூன்று மரங்களின் தண்டு 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அதைக் கேட்டு என் குழுவில் ஒருவர் வருத்தப்பட்டார். தொள்ளாயிரம் வருடமாக அந்த மரங்களைப் பேணிக் காத்தவர்களை நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் நாள் கணக்கு. வெள்ளி சூரியன் அடங்கியது முதல் சனி மாலை வரை யூதர்களின் ஓய்வுநாள். யூதர் பகுதியில் கடைகளும் பேருந்தும் இல்லை. ஓட்டலில் ஓய்வுநாள் லிஃப்ட் என்று எழுதியிருந்தால் அது தானாக ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்றுதான் போகும். பொறுமையாக ஏறிக்கொள்ளுங்கள், படியைத் தேட வேண்டாம். யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவரில் அந்த நேரத்தில் படம் எடுக்கக் கூடாது. ஆண்கள் தலையை மூட வேண்டும். ஆலயங்களில் தோளும் முழங்காலும் தெரியாத உடை வேண்டும், சேலை கட்டும் அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. பெத்லகேம் பாலஸ்தீன நிர்வாகத்தில் இருக்கிறது. இஸ்ரேலியக் கைடு பெரும்பாலும் அங்கே வரமாட்டார், உள்ளூர்க் கைடு ஒருவர் ஏறிக்கொள்வார். திரும்பும்போது சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் பேருந்துக்குள் ஏறிப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். என் குழுவில் ஒருவர் வைத்துவிட்டு வந்து, எல்லோரும் பேருந்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

வெள்ளைச்சீருடை பதில்:

நான் செவிலியர். எங்கள் பங்கிலிருந்து போன குழுவுக்கு மருத்துவ உதவிக்காகப் போயிருந்தேன். என் பக்கத்து விஷயங்களை மட்டும் சொல்கிறேன், அண்ணா.

மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள். மருத்துவர் சீட்டின் நகல் கட்டாயம். மடக்கு முக்காலி ஒன்று வாங்கிவிடுங்கள், கைத்தடியாகவும் விரியும் வகை கிடைக்கிறது. கைடு ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரம் நின்றபடியே பேசுவார், முழங்காலைக் கெடுப்பது நடையைவிட இந்த நிற்றல்தான். குழுவுக்குக் காதில் மாட்டும் ஒலிக்கருவி தருகிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் அம்மா தள்ளி நிழலில் உட்கார்ந்தே கேட்கலாம்.

சவக்கடல் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 440 மீட்டர் கீழே இருக்கிறது. தண்ணீரில் உப்பு சாதாரணக் கடலைப்போல் ஒன்பது பத்து மடங்கு. காலில் சின்னக் கீறல் இருந்தாலும் எரியும், கண்ணில் பட்டால் தாங்க முடியாது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மிதக்கத் தொடங்கினால் கால் தரையில் ஊன்றாது, வயதானவர்கள் எழுந்து நிற்கத் தடுமாறுவார்கள். இதய நோயோ அதிக ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறக்க வேண்டாம். கரையில் நாற்காலி போட்டுக் காலை நனைத்தாலே அவர்களுக்குப் போதும்.

எருசலேம் மலைமேல் இருக்கிறது, குளிர்காலத்தில் மழையும் நடுக்கமும் உண்டு. அதே நாளில் எரிகோவில் வியர்க்கும். ஒரு சால்வை எப்போதும் கையில் இருக்கட்டும். காப்பீட்டில் வயது வரம்பையும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு இடம் உண்டா என்பதையும், போர் காரணமாகப் பயணம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் வாசித்துப் பாருங்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு பல குழுக்கள் கிளம்ப முடியாமல் நின்றன. பணம் கட்டும் முன்பும் கிளம்பும் வாரத்திலும் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

அருள்மகன் பதில்:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அக்கா எழுதியதை நேற்று இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெத்லகேம் வாசலில் அக்காவின் அம்மா குனிந்த இடம் வந்ததும், "நிறுத்து, கொஞ்சம் இரு" என்றார்கள். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மீதியையும் வாசி என்றார்கள். சீனாய் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நேபோ வேண்டும்.

அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்கள். அவர்களுக்குக் குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. யோர்தான் ஆற்றில் எல்லோரும் இறங்கும்போது அவர்களும் இறங்கலாமா? அது தவறாகிவிடுமா? இறங்கினால் வழுக்குமா?

மார்த்தாள்வீடு பதில்:

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள், என் அம்மாவும் இதே கேள்வியைக் கேட்டார்கள். எங்கள் போதகர், "இது இரண்டாவது ஞானஸ்நானம் இல்லை அம்மா, அன்றைக்கு உங்கள் பெற்றோர் உங்களுக்காகச் சொன்ன வாக்கை இன்று நீங்களே உங்கள் வாயால் சொல்லப்போகிறீர்கள்" என்றார். அம்மா முழுக்கப் போகவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார்கள், போதகர் கையால் அள்ளித் தலையில் ஊற்றினார்.

நாங்கள் போனது யார்தெனித். ஏரியிலிருந்து யோர்தான் வெளியே வரும் இடத்துக்குப் பக்கம். தண்ணீருக்குள் இறங்கப் படிகளும் கைப்பிடியும் உண்டு, உடை மாற்ற அறை உண்டு, வெள்ளை அங்கியும் அங்கேயே வாடகைக்குத் தருகிறார்கள். அடியில் பாசி இருக்கும், ரப்பர் செருப்போடு இறங்கட்டும். சின்ன மீன்கள் வந்து காலைக் கொத்தும், பயந்துவிடப் போகிறார்கள், முன்பே சொல்லிவையுங்கள்.

ஒலிவக்கிளை பதில்:

யார்தெனித் சௌகரியமான இடம். ஆனால் இயேசு ஞானஸ்நானம் பெற்றதாகப் பழங்காலத்திலிருந்து நம்பப்படும் இடம் எரிகோவுக்குக் கிழக்கே இருக்கிறது. இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில் உள்ள கரைக்குப் பெயர் கஸ்ர் அல் யாஹூத், எதிர்க்கரையில் ஜோர்டானில் அல் மக்தாஸ். அல் மக்தாஸ் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஆறு சில மீட்டர் அகலம்தான், கலங்கிய மண்நிறத் தண்ணீர். நடுவில் ஒரு கயிறு மிதக்கும், அதுதான் எல்லை. இந்தக் கரையில் நாம் பாடும்போது அந்தக் கரையில் வேறொரு குழு வேறு மொழியில் பாடிக்கொண்டிருக்கும். ஒருமுறை எதிர்க்கரையிலிருந்து ஒரு வயதான பெண்மணி எங்களைப் பார்த்துக் கையசைத்தார், எங்கள் குழு முழுவதும் கையசைத்தது. நீங்கள் ஜோர்டான் வழியாகப் போவதாக முடிவானால், நேபோ பார்த்த பிறகு அல் மக்தாஸைச் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் படியும் கைப்பிடியும் உண்டு. ஆனால் உள்ளே ஆறுவரை கொஞ்சம் நடக்க வேண்டும், வெயிலுக்கு முன் போவது நல்லது.

அருள்மகன் பதில்:

ஐயா, அக்கா, தங்கை, உங்களிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது. இன்று ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயாவிடம் பேசினேன். அம்மானில் இறங்கி நேபோ, அல் மக்தாஸ், அங்கிருந்து பாலம் வழியாகக் கலிலேயா என்று சொன்னதும், "இதை நான் யோசிக்கவே இல்லையே" என்றார். குழுவில் 65 வயதுக்கு மேல் பதினொரு பேர் இருக்கிறார்களாம். ஏற்பாட்டாளரிடம் புதிய திட்டம் கேட்டிருக்கிறார். பெத்லகேமுக்கு அரை நாள், கல்லறைத் திருத்தலத்துக்கு விடியற்காலை, தப்காவில் ஒரு மணி நேரம் என்று மூன்றையும் என் முன்னாலேயே எழுதிக்கொண்டார்.

அம்மா இப்போதே மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கிப் பழகுகிறார்கள், காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை. பரிசுத்த அன்னாள் ஆலயத்தில் பாட அப்பாவுக்குப் பிடித்த கீர்த்தனையையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள், நான்கு சரணமும் மனப்பாடம். அங்கே வாசிக்க அப்பாவின் வேதாகமம்தான் வேண்டுமாம். ஓரமெல்லாம் அவர் பென்சிலில் எழுதியது இருக்கிறது, அட்டை விட்டுப்போய்விட்டது, கனமும் அதிகம். அதை நேற்று நானே பழைய துணியில் ஒட்டித் தைத்துவிட்டேன். பெட்டியில் போடக் கூடாது, என் தோள்பையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.